கடைத்தெருவைக் காலி செய்வது அயல் மோகமா, வாடகையா?



நம் சங்கக் கூட்டங்களில் நான்கு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "அயல்நாட்டு மோகம் நம் கடைத்தெருவைக் கெடுத்துவிட்டது" என்பதுதான் அது. பொரிகடலை விற்ற இடத்தில் சிப்ஸ் பொட்டலம் தொங்குகிறது. மோர்ப் பந்தல் இருந்த மூலையில் கோலா பெட்டி நிற்கிறது. டீக்கடை இருந்த இடத்தில் குளிரூட்டிய காபிக் கடை வந்துவிட்டது. இவற்றை எல்லாம் காட்டி, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுகிறது என்று பெருமூச்சு விடுகிறோம்.

பெருமூச்சில் நியாயம் உண்டு. ஆனால் நாம் சுட்டிக்காட்டும் ஆள்தான் உண்மையான குற்றவாளியா? இதை விசாரிக்க ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அது மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுன் நகரம். நம் முன்னோர் கப்பலேறிப் போய்க் கடை வைத்த ஊர். கடந்த 25 ஆண்டுகளில் அந்தக் கடைத்தெருக்களுக்கு நேர்ந்ததை ஒவ்வொரு மளிகை வியாபாரியும் தெரிந்துகொள்வது நல்லது.

அயலார் கூடிக் கட்டிய ஊர்

1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அங்கே ஒரு துறைமுகத்தைத் தொடங்கினார். சுங்கத் தீர்வை இல்லாத துறைமுகம் என்பதால் நாலா திசையிலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள். சீனாவிலிருந்து ஹொக்கியன்கள், சுமத்ராவிலிருந்து அச்சே நாட்டவர், அரபியர், ஆர்மீனியர், நம் கரையிலிருந்து மரைக்காயர்களும் ராவுத்தர்களும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் வந்து இறங்கினார்கள்.

தமிழ் முஸ்லிம் வியாபாரிகளைச் சூலியர் என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரால் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-ல் அமைந்த மகாமாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் கடைத்தெரு என்றே அழைத்தார்கள். மலாய் மொழியில் கடைக்கு "கெடாய்" என்று பெயர். நம் "கடை" என்ற சொல்தான் அங்கே போய் அப்படி நிலைத்தது. ஒரு நாட்டாரின் நாவில் கடை என்ற சொல்லையே விட்டுவந்தவர்கள் நம் வணிகர்கள்!

சோற்றையும் குழம்பையும் காவடித் தடியில் தூக்கிச் சென்று விற்றார்கள் தமிழ் முஸ்லிம்கள். அதுதான் "நாசி கண்டார்". இன்று மலேசியா முழுவதும் சாதி, மதம் பாராமல் அதை உண்கிறார்கள். ரஜூலா கப்பலும் அதற்குப் பின் 1973 முதல் சிதம்பரம் கப்பலும் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் இடையே ஆளும் சரக்கும் ஏற்றிச் சென்றதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1985-ல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரில் அயல் பண்பாடு என்று ஒதுக்கத்தக்கதே கிடையாது. எல்லாமே அயல்! ஆனால் வந்தவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். கீழே கடை, மேலே வீடு. பக்கத்துக் கடைச் சீனரிடம் இவர் அரிசி வாங்கினார், அவர் இவரிடம் மசாலா வாங்கினார். அயலார் அண்டை வீட்டாராக வாழ்ந்த வரை, எந்தப் பண்பாடும் எந்தக் கடையையும் மூடச் செய்யவில்லை.

ஒரு சட்டம் போனது, ஊர் மாறியது

அந்தக் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு ஒரு காரணம் வாடகைக் கட்டுப்பாடு. 1966-ம் ஆண்டுச் சட்டப்படி, 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. வாடகைதாரரை நினைத்தவுடன் வெளியேற்றவும் முடியாது.

இதில் உரிமையாளரின் கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். கிடைத்த வாடகையில் ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றக்கூடக் கட்டவில்லை. கட்டடங்கள் பாழடைந்தன. ஆகவே 1997-ல் அந்தச் சட்டத்தை நீக்க மலேசிய நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முற்றிலும் ஒழிந்தது.

அதன் பின் நடந்ததைக் கேளுங்கள். வாடகை பல மடங்கு ஏறியது. கூடை பின்னுபவர், சாமான் பழுது பார்ப்பவர், சிறு மளிகை வைத்திருந்தவர் எனக் கொஞ்ச லாபத்தில் காலம் தள்ளியவர்கள் மூட்டை கட்டினார்கள். மாடியில் குடியிருந்த குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயின. அதிக வாடகை தர ஆள் வராமல் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில உரிமையாளர்கள் அவற்றில் உழவாரக் குருவி வளர்த்தார்கள். ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டுக் குருவிகளை அழைத்து, அவை கட்டும் கூட்டை எடுத்துச் சீனர்களின் சூப்புக்கு விற்றார்கள். மனிதர் குடியிருந்த வீட்டில் குருவி குடியேறியது! இதை எந்த அயல் மோகமும் செய்யவில்லை. கணக்குதான் செய்தது.

பாரம்பரியப் பட்டம் வந்த பிறகு

2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. பல இன மக்கள் சேர்ந்து வாழ்ந்து வியாபாரம் செய்த ஊர் என்பதற்காகவே அந்தப் பெருமை கிடைத்தது. ஆனால் பட்டம் வந்தபோதே அந்த மக்களில் பலர் வெளியேறிவிட்டார்கள் என்பதுதான் வேதனை.

2012-ல் லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னெஸ்ட் ஜகாரெவிச் அந்த ஊர்ச் சுவர்களில் படம் வரைந்தார். ஒரு பழைய சைக்கிளைச் சுவரோடு பொருத்தி, அதில் இரண்டு குழந்தைகள் ஏறிப் போவது போல் தீட்டினார். உலகம் முழுவதிலிருந்தும் வந்து அதன் முன் வரிசையில் நின்று புகைப்படம் எடுத்தார்கள். ஆர்மீனியன் தெருவில் நினைவுப் பொருள் கடைகளும் ஐரோப்பிய பாணி காபிக் கடைகளும் பெருகின. சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் கடைவீடுகளை வரிசையாக வாங்கினார்கள். கீழே கடை, மேலே வீடாக இருந்தவை சிறு விடுதிகளாயின.

நல்லதும் நடந்தது. இடிந்து விழ இருந்த கட்டடங்களுக்கு ஓடும் வண்ணமும் கிடைத்தன. பட்டம் இல்லாமலிருந்தால் அந்த இடத்தில் பல மாடிக் கோபுரங்கள் எழுந்திருக்கும் என்பார்கள். குருவி வளர்ப்பையும் 2013-க்குள் அப்புறப்படுத்த மாநில அரசு உத்தரவிட்டது. இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. இவற்றை மறைத்துப் பேசுவது வியாபாரிக்கு அழகல்ல.

ஆனால் ஒரு மளிகைக்காரராக இருந்து கணக்குப் போடுங்கள். சுற்றுலாப் பயணி ஒரு காபி குடிப்பார், ஒரு பனியன் வாங்குவார். கால் கிலோ துவரம் பருப்பும் அரைப் படி உளுந்தும் வாங்குவாரா? மாதச் சாமான் பட்டியல் கொடுப்பாரா? குடியிருப்பவர் இருந்தால்தான் மளிகைக்கடை. 2009-க்கும் 2013-க்கும் இடையே பாரம்பரிய எல்லைக்குள் குடியிருந்தோர் தொகை மேலும் குறைந்ததாகக் கணக்கெடுப்பு காட்டியது. தெருவில் கூட்டம் கூடியது, வாடிக்கையாளர் குறைந்தார். கூட்டம் வேறு, வாடிக்கை வேறு என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடத்தின் முகப்பு எப்படி இருக்க வேண்டும், கூரையில் என்ன ஓடு போட வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன. உள்ளே இருந்த வியாபாரியைக் காக்க அவ்வளவு பலமான விதி இல்லை. சுவருக்குப் பட்டியல் உண்டு. சுவருக்குள் நடந்த தொழில் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் நடுவே லிட்டில் இந்தியா எனப்படும் நம் கடைத்தெரு அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. காரணம் என் கருத்தில் இதுதான்: அங்கே விற்பது வேடிக்கைப் பொருள் அல்ல, தேவைப்படும் பொருள். கல்யாணத்துக்குப் புடவை, பூசைக்குப் பூமாலை, சமையலுக்கு மசாலா. தைப்பூசத்துக்கு பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும்போது வழியெல்லாம் உடைபடும் தேங்காய்களை நினைத்துப் பாருங்கள். சடங்கும் சமையலும் இருக்கும் வரை அந்தக் கடைகளைத் தேடி ஆள் வருவார்.

நம் ஜார்ஜ் டவுன்

சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. அந்த ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். நம் கறுப்பர் நகரத்துக்கு 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். பெயர்ப் பொருத்தத்தை விட நிலைமைப் பொருத்தம் அதிகம். கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. 2019 பிப்ரவரியில் மண்ணடிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் மெட்ரோ ரயில் வந்தது. பிராட்வே பேருந்து நிலையத்தைப் பல மாடி வளாகமாக்கும் திட்டமும் வந்திருக்கிறது. இவை வரட்டும், வரவேற்போம். ஆனால் ரயில் வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும், நிலத்தின் விலை ஏறும் இடத்தில் வாடகை ஏறும்.

அதே 2019 பிப்ரவரி 22-ல் இன்னொன்றும் நடந்தது. 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் "நியாய வாடகை" நிர்ணயிக்கக் கோர வழி இருந்தது. புதிய சட்டத்தில் வாடகை என்பது இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்வது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாடகையில் உடன்பாடு ஏற்படவில்லை என்றால் அதுவே கடையைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம். தாத்தா காலத்து வாய்ச்சொல்லை நம்பி இருக்கும் வியாபாரிகள் நம்மில் இன்னும் எத்தனை பேர்!

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒப்பந்தத்தை எழுத்தில் கொண்டு வாருங்கள். ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு என்பதை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். கட்டடத்தை விற்பதானால் முதலில் நம்மிடம் கேட்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்கப் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடமும் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, தனி ஒருவரால் வாங்க முடியாத கட்டடத்தை நான்கு கடைக்காரர் கூட்டாக வாங்க முடியும். சொந்தக் கூரை உள்ளவரை எந்த மோகமும் அசைக்காது.

மூன்றாவது, தெருவைச் சீரமைக்க அரசு திட்டம் போட்டுக் கருத்துக் கேட்கும்போது சங்கம் வாய்மூடி இருக்கக் கூடாது. எந்தக் கடை எத்தனை ஆண்டுகளாக என்ன வியாபாரம் செய்கிறது, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற பட்டியலை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவனை யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

நான்காவது, அயல் பழக்கத்தைக் கண்டு மிரள வேண்டாம். நூடுல்ஸ் கேட்டால் நூடுல்ஸ் வையுங்கள். வெளிநாட்டார் வந்தால் மிளகையும் ஏலத்தையும் சிறு பொட்டலத்தில், எந்த ஊர்ச் சரக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் அவருக்காகக் கடையைக் காட்சிப் பொருளாக மாற்றிவிடாதீர்கள். அவர் நாளை வேறு ஊருக்குப் போய்விடுவார். எதிர் வீட்டு அம்மாவின் மாதப் பட்டியல்தான் நம் மூலதனம்.

அயலான் கொண்டு வரும் பண்டத்தோடு போட்டி போட வியாபாரிக்குத் தெரியும். நம் பாட்டன்மார் பினாங்கில் ஏழு நாட்டாரோடு போட்டி போட்டு நின்றார்கள். காலடியில் உள்ள தரையை எழுத்தில் வாங்காமல் விட்டால்தான் நிற்க இடம் இருக்காது. இந்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் வாடகை ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள், இல்லை என்று சொல்லவாவது வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.