லாயத்தில் ஓர் அநாதை

இங்கிலாந்தில் சொந்த லாயம் இல்லாதவர்கள், மாதக் கட்டணம் பேசிப் பிறர் லாயத்தில் குதிரையை விட்டு வைப்பது வழக்கம். சில கனவான்கள் கட்டணத்தை நிறுத்திவிட்டுத் தாமும் மறைந்து விடுகிறார்கள். குதிரை மறைவதில்லை, அதற்கு வேளை தவறாமல் பசிக்கிறது.

அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் விட்ட குதிரையானால், 2015-ஆம் வருஷத்துச் சட்டம் தாராளமானது. நிலத்துக்காரர் அதைப் பிடித்து வைத்து, 24 மணி நேரத்துக்குள் போலீஸாருக்குத் தெரிவிக்க வேண்டும். 96 மணி நேரம் வரையில் யாரும் கேட்காவிட்டால் குதிரை அவருக்கே சொந்தம்.

லாயத்துக் குதிரையோ பேசி ஒப்படைக்கப்பட்டது. 1977-ஆம் வருஷத்துச் சட்டம் அதைச் சலவைக்குப் போட்ட சட்டையைப் போலவே பாவிக்கிறது. (சட்டை தீனி கேட்பதில்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.) பாக்கி இருக்குமானால், விற்கப் போவதாக ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் கொடுத்து, மூன்று மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். விற்ற பணத்தில் விற்பனைச் செலவையும், நோட்டீஸுக்கு முந்திய பாக்கியையுமே கழித்துக் கொள்ளலாம். மிச்சம், ஓடிப்போன கனவானுக்கு!

அந்த மூன்று மாதமும் பட்டினி போடலாமா? கூடாது. தற்காலிகமாகப் பொறுப்பேற்றவரையும் 2006-ஆம் வருஷத்துப் பிராணி நலச் சட்டம் விடுவதில்லை. ஆயினும் 1977-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்பந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. எத்தனை நாள் பாக்கி நின்றால் விற்கலாம், இடைக்காலத் தீனிச் செலவு யாருடையது என்பதையெல்லாம், குதிரை உள்ளே நுழையும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்கிறவரே விவேகி என்பது நமது அபிப்பிராயம்.