கல் படித்த பிள்ளைகளும் கோர் கொட்டகையும்

பூகர்ப்ப சாஸ்திரம் என்று முன்னே சொல்லப்பட்டதும், புவியமைப்பியல் என்று இன்று சொல்லப்படுவதுமான படிப்பைப் படித்துப் பட்டம் பெற்று வருஷந்தோறும் காலேஜ்களை விட்டு வெளியே வரும் நம் பிள்ளைகளுக்கு, பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் காட்டுகிறார்கள். அதாவது, மத்திய தேர்வாணையம் நடத்தும் புவி விஞ்ஞானிகள் பரீட்சையை எழுது, தேறினால் உத்தியோகம், தேறாவிட்டால் அடுத்த வருஷமும் எழுது, அதிலும் தேறாவிட்டால் வாத்தியார் வேலைக்கோ பாங்கு வேலைக்கோ போ என்பதேயாகும். அப்படிக்கின்றி, ஒரு சுரங்கத்துக்குப் போய்க் கோர் கொட்டகையில் சில மாதம் பயிற்சி பெற்று வேலையைக் கற்றுக்கொள் என்று யாராவது சொல்லிவிட்டால், "எம்.எஸ்ஸி. படித்தவன் கூலிக்காரனைப்போல் கல்பெட்டி தூக்குவதா?" என்று வீட்டில் கேள்வி பிறக்கிறது.

இந்தக் கேள்விக்குள் ஒளிந்துகொண்டிருப்பது பிள்ளையின் நன்மையா, அல்லது கையால் வேலை செய்கிறவன் தாழ்ந்தவன் என்கின்ற வருணாசிரம புத்தியா என்பதைத்தான் இங்கு ஆலோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, கோர் கொட்டகை என்றால் என்னவென்று வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பூமிக்குள் என்ன கனிமம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று ஜோசியம் பார்த்துச் சொல்ல முடியாது. வைரப் பொடி பதித்த வளையத்தைக் குழாயின் நுனியில் மாட்டிச் சுழற்றிப் பாறையைக் குடைவார்கள். வளையம் சுற்றிலும் அரைத்துக்கொண்டு இறங்க, நடுவில் அரைபடாமல் நிற்கும் பாறை ஒரு தடிபோல் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். இதற்குத்தான் கோர் என்று பெயர். சாதாரணமாக எடுக்கப்படும் அளவுகளில் ஒன்று 47.6 மில்லிமீட்டர் கனமும், மற்றொன்று 63.5 மில்லிமீட்டர் கனமும் உள்ளவை. இந்தத் தடிகளை ஆழக் கிரமப்படி பெட்டிகளில் அடுக்கி, எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை என்று கட்டையில் எழுதி வைப்பார்கள். பிறகு ஒருவன் உட்கார்ந்து, கல் எந்த ஜாதி, நிறம் என்ன, மணி பெரிதா சிறிதா, எந்த இடத்தில் வெடித்திருக்கிறது, வெடிப்பு எந்தக் கோணத்தில் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியும் தாது என்ன என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து எழுதவேண்டும். இதுதான் கோர் லாகிங் என்பது. (கல்லில்தான் ஜாதி உண்டு, அதையும் நிரூபித்துத்தான் எழுதவேண்டும் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.)

இதற்கு வேண்டிய ஆயுதங்களும் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைக்கண்ணாடி, கீறிப் பார்க்க ஓர் எஃகு முனை, ஒரு காந்தம், சுண்ணாம்புக்கல்லா என்று அறியச் சொட்டு விட்டுப் பார்க்கக் கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு தண்ணீர்க் குப்பி, ஓர் அளவு நாடா, ஒரு பென்சில். இவற்றைக்கொண்டு ஒரு பிள்ளை நூற்றுக்கணக்கான மீட்டர் கல்லைத் தானே தொட்டு, நனைத்து, கீறி, எழுதி முடித்தானானால், பல வருஷம் புத்தகத்தில் படம் பார்த்துக் கற்ற கல்வி அப்பொழுதுதான் அவனுக்குக் கல்வியாகிறது.

இந்த வேலையில் பகுத்தறிவுக்காரர்கள் அவசியம் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. இதிலுள்ள முதல் விதி, கண்டதை எழுது, காணாததை எழுதாதே என்பது. 3 மீட்டர் துளைத்து 2 மீட்டர் கல்தான் கைக்கு வந்ததென்றால், 2 மீட்டர்தான் வந்ததென்று எழுதவேண்டும். பெட்டி நிறைந்து தோன்றுவதற்காகத் துண்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கக்கூடாது. இரண்டாவது, பார்த்ததை ஒரு பத்தியிலும், அதிலிருந்து தான் ஊகித்ததை வேறு பத்தியிலும் எழுதவேண்டும். மூன்றாவது, தடியை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியிலேயே பத்திரமாய் வைக்கவேண்டும். ஏனென்றால், நாளைக்கு வேறொருவன் வந்து, "நீ சொன்னதை நான் நம்பமாட்டேன், காட்டு" என்று கேட்டால், காட்டுவதற்குக் கல் இருக்கவேண்டும். அது மாத்திரமா? சோதனைச் சாலைக்காரனையும் நம்பாமல், உள்ள அளவு முன்னமே தெரிந்த மாதிரிகளையும், ஒன்றுமே இல்லாத வெறுங் கல்லையும் நடுநடுவே கலந்து அனுப்பி அவனையும் சோதிக்கிறார்கள். ரிஷி சொன்னார், வேதத்தில் இருக்கிறது, பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள் என்பதற்கெல்லாம் இந்தக் கொட்டகையில் இடமே இல்லை.

இந்த விதிகளைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தூரத்தில் போகவேண்டியதில்லை. 1990களில் கனடாவைச் சேர்ந்த பிரீ-எக்ஸ் என்ற கம்பெனி, இந்தோனேசியாவில் போர்னியோ தீவின் புசாங் என்ற காட்டில் உலகத்திலேயே பெரிய தங்கப் புதையல் ஒன்றைக் கண்டுவிட்டதாகச் சொல்லிற்று. சில காசுகளுக்கு விற்ற அதன் பங்கு ஒன்று 1996இல் 280 கனடா டாலருக்கு மேல் ஏறியது. கம்பெனியின் மதிப்பு 600 கோடி டாலரைத் தாண்டியது. உலகத்தார் வழக்கப்படி கோரில் பாதியை வைத்துக்கொள்ளாமல், ஏறக்குறைய முழுவதையும் நொறுக்கியே சோதனைக்கு அனுப்பினார்கள். 1997இல் வேறொரு பெரிய கம்பெனி, அதே துளைகளின் பக்கத்திலேயே தன் செலவில் துளைத்துப் பார்த்தபோது தங்கம் இல்லை. நொறுக்கிய கல்லில் யாரோ ஆற்றுத் தங்கத் தூளைக் கலந்திருந்தார்கள். உபாத்தியாயர்கள், சர்க்கார் சிப்பந்திகள் ஆகியோரின் பென்ஷன் நிதிகள் கோடிக்கணக்கில் கரைந்து போயின.

படிப்பும் பணமும் நிறைந்த தேசத்தில், மறு பாதி எங்கே என்று கேட்கவேண்டியவர்கள் கேட்காமல் பக்தர்களானதால் வந்த வினை இது. அதற்குப் பிறகு 2001இல் கனடாவில், தகுதியுள்ளவர் ஒருவர் தம் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்றால் ஒழியக் கனிமக் கணக்கை ஊரறியச் சொல்லக்கூடாது என்று விதி செய்தார்கள்.

பணம் போனதாவது போகட்டும். கோர் லாகிங் உயிருக்கும் சம்பந்தப்பட்டது. ஒரு துளைப்பில் கிடைத்த தடியில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் பாறையின் தரம் நூற்றுக்கு எத்தனை என்று தெரியும். இதைக்கொண்டு சுரங்கத்தின் கூரைக்கு எவ்வளவு முட்டுக் கொடுக்கவேண்டும் என்று யோசிக்கிறார்கள். கொட்டகையில் உட்கார்ந்த பயிற்சிப் பிள்ளை சோம்பலால் 30 என்பதை 90 என்று எழுதிவிட்டால், கூரை விழுவது அவன் தலையில் அல்ல. உள்ளே இறங்குகிற தொழிலாளியின் தலையில். ஆதலால் இதைக் கூலிக்காரன் வேலை என்று இகழ்கிறவர்கள், யாருடைய உயிரை இகழ்கிறார்கள் என்பதை யோசிக்கட்டும்.

நிற்க. கல்லைத் தொடுவது கேவலம் என்ற எண்ணம் நம் நாட்டுக்கு எங்கிருந்து வந்தது? கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல், சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன தாழ்த்தப்பட்ட தமிழ் மக்கள். அவர்கள் மானமும் அறிவும் இல்லாதவர்களா என்றால், அயோத்திதாசப் பண்டிதரின் "தமிழன்" பத்திரிகையை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அந்தத் தங்கவயலிலிருந்துதான் மறுபடியும் நடத்தினார் என்பதே போதும். இருந்தும் துளை போட்டவன் ஒருவன், தூசியை விழுங்கி நெஞ்சு கல்லாகிச் செத்தவன் ஒருவன், பென்சில் பிடித்தவனும் சம்பளம் வாங்கினவனும் வேறொருவன் என்றுதானே இருந்தது? 2001இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கையால் அறிந்த அக்குடும்பங்களுக்கு மிஞ்சியது என்ன?

வெள்ளைக்காரன் சர்க்காரும் இதற்கு விலக்கல்ல. 1851இல் ஏற்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1880இல் உத்தியோகஸ்தராகச் சேர்ந்த பிரமதநாத் போஸ் என்ற வங்காளி, 1903இல் தமக்கு இளையவரான தாமஸ் ஹாலண்டு என்ற ஆங்கிலேயரைத் தம் தலைக்கு மேல் டைரக்டராக வைத்ததும் வேலையை விட்டு விலகினார். அப்படி விலகியவர்தான் மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் இரும்புத் தாதுவைக் கண்டு, 1904இல் டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். அதன் பலனாகத்தான் ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலை தோன்றிற்று. அந்த ஹாலண்டு துரைதான் நம் பல்லாவரத்துக் கல்லுக்கு, கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறையும் அதே கல் என்பதால், சார்னகைட் என்று பெயரிட்டவர். கல் நம்முடையது, உடைத்த கை நம்முடையது, பெயர் மட்டும் கல்லறையிலிருந்தவனுடையது! பெயரிட்டவன் மேல் குறை சொல்லிப் பயனில்லை. அவன் உட்கார்ந்து பார்த்தான், எழுதினான். நாம் அதே கல்லைச் செதுக்கி, நட்டு, எண்ணெய் தடவிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கண்டகி நதியில் பொறுக்கி வந்து பூஜையறையில் வைத்துத் தீர்த்தம் வாங்கிக் குடிக்கும் சாளக்கிராமம், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னே கடலில் வாழ்ந்து மாண்ட அம்மோனைட் என்னும் ஒரு பிராணியின் கல்லாய்ப்போன கூடு. அதே இனத்துக் கூடுகள் நம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குழிகளிலும் கிடைக்கின்றன. அரியலூர் பூமி ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்று அதைப் படித்தவன் சொல்கிறான். படிக்காதவன் அதற்குத் துளசி சாத்துகிறான். இதிலே வேடிக்கை என்னவென்றால், படித்தவனும் பகலில் அம்மோனைட் என்று எழுதிவிட்டு, மாலையில் துளையிடும் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, பூமி பூஜை போடுவதுதான். தேங்காய் உடைத்த துளையில் தாது கூடுதலாயும் உடைக்காத துளையில் குறைவாயும் கிடைத்ததாக ஒரு பதிவுப் புஸ்தகத்திலாவது உண்டா? நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றிலே கறுப்பாய் ஏதோ வந்தது. 1940களில் துளைகள் போட்டுப் பார்த்துத்தான் பழுப்பு நிலக்கரி எவ்வளவு பரந்து கிடக்கிறதென்று கண்டார்கள். எந்தப் பஞ்சாங்கமும் அதைச் சொல்லவில்லை.

இனி, முக்கியமான ஒரு விஷயத்துக்கு வருவோம். கோர் கொட்டகைப் பயிற்சி நல்லது என்று நாம் சொல்லுவதை வைத்துக்கொண்டு, சில முதலாளிகள் "வந்து கற்றுக்கொள், சம்பளம் கிடையாது, சாப்பாடும் உன் பொறுப்பு" என்று சொல்லுவதை நாம் ஒருக்காலும் ஒப்புக்கொள்ளமாட்டோம். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் தூரதேசத்தில் தங்கி வேலை கற்கக்கூடியவன் யார்? வீட்டிலே வசதியுள்ளவன். அதுவும் யாருக்குக் கிடைக்கிறது? மாமாவோ சித்தப்பாவோ கம்பெனியில் இருக்கிறவனுக்கு. ஆகவே சம்பளமில்லாப் பயிற்சி என்பது, ஏழைப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டு, "தகுதி இல்லை" என்று பிறகு சொல்லுவதற்குச் செய்யப்படும் சூழ்ச்சியேயாகும். வேதம் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மத்துக்கும் இதற்கும் பலனில் என்ன வித்தியாசம்?

1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் பழகுகிறவனுக்கு உதவித்தொகை கொடுக்கவேண்டுமென்கிறது. 2014இல் அதைத் திருத்தி, இஞ்சினீயரிங் அல்லாத பட்டதாரிகளுக்கும் வழி திறந்தார்கள். ஆதலால் கம்பெனிகள் இச்சட்டத்தின் கீழேயே பிள்ளைகளை எடுக்கவேண்டும் என்று காலேஜ்கள் கேட்கவேண்டும். எந்தச் சுரங்கத்தில் எத்தனை இடம் என்பதை உபாத்தியாயர் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேண்டியவனுக்குக் கொடுக்காமல், அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சியிலும் பங்கு ஒதுக்கவேண்டும். உத்தியோகத்தில் மட்டும் பங்கு வைத்து, உத்தியோகத்துக்குப் போகும் ஏணியில் பங்கு வைக்காவிட்டால், அது எட்டாத உயரத்தில் பந்தி போடுவதைப் போன்றதே.

பெண்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1952ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்துக்கடியில் வேலை செய்வதைத் தடுத்தது. 2019இல்தான் மேற்பார்வை, தொழில்நுட்ப வேலைகளுக்குப் பகலில் அடியில் இறங்கலாம் என்று சர்க்கார் தளர்த்தினார்கள். ஆனால் கோர் கொட்டகையோ நிலத்துக்கு மேலே, பட்டப்பகலில் நடக்கிற வேலை. அதைச் சட்டம் தடுக்கவில்லை. தடுத்ததெல்லாம் "பெண்ணுக்கு அங்கே கக்கூசு இல்லை, தங்க இடமில்லை" என்ற சாக்குத்தான். கக்கூசு இல்லையென்றால் கட்டவேண்டுமே ஒழியப் பெண்ணை நிறுத்துவதா? எந்தக் கல்லும் தன்னைத் தொடுகிற கை ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டியதுண்டு. உங்களுக்கு முன்னே அந்தக் கொட்டகையில் பெட்டி சுமக்கும் தொழிலாளிக்கும், துளை போடும் மேஸ்திரிக்கும், உங்கள் புத்தகத்தில் இல்லாத பல விஷயங்கள் தெரியும். எந்த ஆழத்தில் தண்ணீர் நிறம் மாறிற்று, எங்கே குழாய் திடீரென இறங்கிற்று என்பதை அவர்களைக் கேட்டுத்தான் அறியவேண்டும். அவர்களை மரியாதையாய் அழையுங்கள். கல்லை அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கவேண்டும். முகமூடி உங்களுக்கு மாத்திரமல்ல, அறுக்கிறவருக்கும் வேண்டுமென்று கேளுங்கள். மேலதிகாரி, "இந்த இடத்தில் தாது இருப்பதாய் எழுது, கம்பெனிக்கு நல்லது" என்றால், கைக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாததை எழுதாதீர்கள். அதனால் ஒரு நற்சான்றுப் பத்திரம் போனாலும் போகட்டும்.

தோழர்களே! பரீட்சை எழுதவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எழுதுங்கள், உத்தியோகத்துக்கும் போங்கள். ஆனால் கல்லைத் தொடாமலே கல் அதிகாரியாக ஆசைப்படாதீர்கள். பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சேறு படிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தால் வெட்கப்படாதீர்கள். உழைத்தவனுக்கு எழுத்தும், எழுதுகிறவனுக்கு உழைப்பும் இல்லாமற் செய்து வைத்த ஏற்பாட்டினால்தான் இந்த நாடு இத்தனை காலம் அடிமையாய்க் கிடந்தது. அந்த இரண்டும் ஒரே கையில் சேருகிற இடங்களில் கோர் கொட்டகையும் ஒன்று. அதன் கதவு கூலியோடும், மானத்தோடும், எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.