முரளி கத்திய அந்த ஓவரும் நம்ம தோட்டத்துக் கிரவுண்டும்

2022 ஏப்ரல் 27, ஐபிஎல் மேட்ச். கடைசி ஓவரில் குஜராத்துக்கு 22 ஓட்டம் வேணும். சண்ரைசர்ஸ் ஹைதராபாத் பக்கம் பந்து மார்கோ யான்சன் கையில். முதல் பந்தே சிக்ஸர். பிறகு ரஷீத் கான் மூன்று சிக்ஸர், கடைசிப் பந்தும் சேர்த்து. மேட்ச் முடிஞ்சது. ஆனா அன்னைக்கு எல்லார் போனிலும் ஓடினது அந்த சிக்ஸர்கள் இல்லை. டக்அவுட்டில் இருந்து எழும்பி நின்று, முகம் சிவக்க, "ஏன்டா ஃபுல்லா போடுற" என்கிற மாதிரி கத்திய முத்தையா முரளிதரன். லயத்து வாசலில் ஒரு போனைச் சுத்தி ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த தம்பி கேட்டான்: "முரளிக்குக் கோவமெல்லாம் வருமா?"

நியாயமான கேள்விதான். 1995 டிசம்பர் 26, மெல்போர்னில் டெரல் ஹெயார் ஏழு தடவை நோ-போல் என்று கை நீட்டியபோதும், அடுத்த மாதமே பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் அதையே செய்தபோதும், கத்தாமல் மறுபடி போய் பந்து போட்ட மனிசன். 2004இல் ஒரு நாட்டின் பிரதமரே அவர் எறிகிறார் என்று சொன்னபோது, அந்த வருஷம் அவுஸ்திரேலியாவுக்குப் போகாமல் இருந்துவிட்டார். அவ்வளவுதான். தன்னைத் திட்டினதுக்கெல்லாம் கத்தாத ஆள், வேற ஒருத்தன் பந்தைத் தப்பான இடத்தில் போட்டதுக்குக் கத்துகிறார்.

எனக்கு அந்த வீடியோவில் பிடித்ததே அதுதான். 800 விக்கெட் எடுத்த முரளியைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். 133 டெஸ்ட், 2010 ஜூலையில் காலியில் கடைசிப் பந்தில் ஓஜாவின் விக்கெட், ஒருநாள் போட்டியில் 534. மலையகப் பையன் ஒருத்தனை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனா அதுக்குப் பிறகு என்ன செய்தார் என்று கேட்டால், "ஐபிஎல்ல இருக்காருல்ல" என்பதோடு முடிஞ்சிரும். நம்மைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உண்மையில் வேணும் என்று நான் நினைப்பது அந்த ரெண்டாவது முரளியைத்தான்.

அதுக்கு முன்னாடி ஒரு கதையை உடைக்க வேண்டியிருக்கு. "முரளியும் தோட்டத்துக்காரன்தான், லயத்துல இருந்து வந்தவன்தான்" என்று நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. பொங்கல் டூர்னமெண்ட் பரிசளிப்பு மேடையில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார். பாதிதான் உண்மை. 1920இல் தென்னிந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் அவருடைய தாத்தா. அப்பா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். முரளி படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே நல்ல மைதானம் இருந்தது, தோல் பந்து இருந்தது. அதைவிட முக்கியமா, சுனில் பெர்னாண்டோ என்று ஒரு பயிற்றுவிப்பாளர் இருந்தார். மிதவேகம் போட்டுக்கொண்டிருந்த பையனின் மணிக்கட்டைப் பார்த்து, 14 வயதில், "நீ ஒஃப் ஸ்பின் போடு" என்று சொன்னவர் அவர். 1990/91 பருவத்தில் அந்தப் பையன் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து சிறந்த பாடசாலை வீரர் ஆனான். அடுத்த வருஷம் 1992 ஓகஸ்ட், கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட்.

இதைச் சொல்வது முரளியைக் குறைக்க இல்லை. அந்தக் குடும்பமும் 1977 கலவரத்தில் அடிபட்ட குடும்பம்தான். அவருடைய அரசியல் பேச்சுகளில் எனக்கு உடன்பாடு இல்லாதது நிறைய, அதை இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்வோம். இங்கே கேள்வி வேற. அந்த மணிக்கட்டு நமுனுகுலையில் பிறந்திருந்தால் அதை யார் பார்த்திருப்பார்கள்?

சரி, பயிற்றுவிப்பாளர் முரளி. 2014இல் அவரை ஆலோசகராகக் கூப்பிட்டது, ஒரு காலத்தில் அவரைக் கூண்டில் ஏற்றின அதே அவுஸ்திரேலியா. ஐக்கிய அரபு அமீரகத்தில் பாகிஸ்தானோடு ஆடப் போன அணியின் ஸ்பின்னர்களைத் தயார்படுத்தும் வேலை. அந்தத் தொடரில் 2-0 என்று தோற்றார்கள். பிறகு 2016இல் இலங்கைக்கே அவுஸ்திரேலியா வந்தபோதும் அவர் அந்தப் பக்கம். ஆடுகளத்தில் பயிற்சி செய்வது பற்றி இலங்கை அணி முகாமையாளரோடு வாக்குவாதம், கிரிக்கெட் சபையின் முறைப்பாடு, துரோகி என்கிற அளவுக்குப் பேச்சு. இதில் பெரிய வேடிக்கை, ரெண்டு நாடும் போட்டி போடும் அந்தக் கிண்ணத்தின் பெயரே வோர்ன்–முரளிதரன் கிண்ணம். தன் பெயர் பொறித்த கிண்ணத்தை எதிரணிக்கு வாங்கிக் கொடுக்க வந்தவர்! வாங்கவும் முடியவில்லை. ரங்கன ஹேரத் 28 விக்கெட் எடுத்தார், இலங்கை 3-0.

எனக்கு இதில் துரோகம் எதுவும் தெரியவில்லை. தேயிலையில் பிழைப்பு இல்லை என்று கொழும்புக்கும் டுபாய்க்கும் போகிற நம்ம அண்ணன்மாரை யாரும் துரோகி என்பதில்லையே. வேலை தெரிந்தவனை எவன் கூப்பிட்டானோ அவனிடம் போனான். கேட்க வேண்டிய கேள்வி, 800 விக்கெட் எடுத்த ஒருத்தர் சும்மா இருக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் ஏன் முதலில் கூப்பிடவில்லை என்பதுதான்.

வங்காளக் கிரிக்கெட் சங்கம் கூப்பிட்டது. 2015இல் சண்ரைசர்ஸ் கூப்பிட்டது; அடுத்த வருஷமே கிண்ணம். 2018இலும் 2024இலும் இறுதிப் போட்டி வரை வந்து தோல்வி. மொத்தமாகப் பார்த்தால் பயிற்றுவிப்பாளராக அவருடைய கணக்கு 800 மாதிரி பளபளக்காது. ஆனா இந்த வேலையின் கணக்கே அப்படித்தான், அது வேறு ஒருத்தன் பேரில்தான் எழுதப்படும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். முரளியின் பந்துவீச்சை யாராலும் காப்பி அடிக்க முடியாது. பிறவியிலேயே முழுசா நிமிராத முழங்கை, எந்தப் பக்கமும் வளையும் மணிக்கட்டு. அது இன்னொருத்தனுக்குக் கொடுக்கிற பொருள் இல்லை. அப்போ அவர் எதைத்தான் சொல்லிக் கொடுப்பார்? யான்சனைப் பார்த்துக் கத்தினாரே, அதுதான் பாடம். யான்சன் ஸ்பின்னரே இல்லை, உயரமான வேகப்பந்து வீச்சாளர். அவனிடம் முரளி எதிர்பார்த்தது நீளம்: பந்து எங்கே குத்த வேணும், எதிரில் நிற்பவன் எந்த இடத்தைக் காத்திருக்கிறான், அவன் காத்திருக்கும் இடத்தில் போடாதே. அன்னைக்கு அடித்த ரஷீத் கானும் அதுக்கு முந்திய ஐந்து சீசன் முரளி இருந்த அதே அணியில் ஆடினவன்தான். வாத்தியாருக்கு எரிஞ்சிருக்காதா?

திறமையில் கொண்டு போக முடிந்த பகுதி இது மட்டும்தான், இதைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேணும். நம்ம பக்கம் இல்லாதது அந்த ஆள்.

எங்கள் கிரவுண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நாலாம் நம்பர் மலை. கீழே அடித்தால் அவுட், பந்தைத் தேடிப் போனால் கால் முழுக்க அட்டை. டென்னிஸ் பந்தில் இங்கே ஸ்பின் போடுகிற பையன்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருத்தர், பாடசாலை நாளில் பதுளையில் ஒரு தெரிவுப் போட்டிக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவை தோல் பந்தைப் பிடித்தது அன்றைக்குத்தான். ஆறு பந்து போட்டார், ரெண்டு ஆடுகளத்துக்கு வெளியே போனது. "அடுத்த ஆள்" என்றார்கள். பஸ் காசுக்கு அம்மா அரைப் பேர் விட்டுக்கொடுத்த நாள் அது. அந்த ஆறு பந்தைத்தான் நாம் இன்னும் "திறமை தேடல்" என்கிறோம்.

டூர்னமெண்டுக்கு டீ-சேர்ட் அடித்துக் கொடுக்கிற அரசியல்வாதிகளிடமும், கிண்ணம் கொடுக்கிற சங்கங்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வருஷக் கிண்ணத்துக்கும் டீ-சேர்ட்டுக்கும் போகிற காசில் ஒரு தோட்டத்து இளைஞனை, ஒரே ஒருத்தனை, பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்கு அனுப்புங்கள். ஒரு டசின் தோல் பந்து வாங்கிக் கொடுங்கள். அவனுக்கு மாதச் சம்பளம் போட்டு, பக்கத்துத் தோட்டங்கள் நாலைந்துக்கு ஒரு பாடசாலை என்று சனிக்கிழமை நிறுத்துங்கள். எல்லோரும் விளையாட்டு வீரனாக மாட்டார்கள், அது பரவாயில்லை. பதினாலு வயசுப் பையனின் மணிக்கட்டைப் பார்க்க ஒரு கண் இருக்கும்.

அந்த அண்ணன் இப்போது கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார். தீபாவளிக்கு நாலு நாள் லீவில் வருவார். போன தடவை வரும்போது பையில் பழைய தோல் பந்து ஒன்று கொண்டுவந்தார், எங்கே வாங்கினார் என்று சொல்லவில்லை. காலையில் சின்னப் பையன்களைப் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, தையலில் எந்த விரல் எங்கே வரணும் என்று ஒவ்வொருத்தன் கையாகப் பிடித்துப் பிடித்துக் காட்டினார். ஒருத்தன் ஃபுல்லா போட்டதுக்குக் கத்தினார் பாருங்க, அசல் முரளி. அஞ்சாம் நாள் கொழும்பு பஸ்ஸுக்குப் போகும்போது பந்தைக் கடைசி லயத்துப் பையனிடம் கொடுத்து, "மழையில நனைய விடாத, தையல் விட்டுரும்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.