ஊற்றுவது சுலபம்

கார்ப்பெட் கழுவும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்விகளோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள். தண்ணீர் எவ்வளவு சூடாகும்? எவ்வளவு வேகமாகப் பீய்ச்சும்? விற்கிறவருக்கும் அது வசதி. சூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம், பிரஷரை மீட்டரில் காட்டலாம். ஊற்றிய தண்ணீரில் எவ்வளவு திரும்பி வரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், கொடுக்கிற விலையில் பாதி அந்தக் கேள்விக்குத்தான்.

இந்தப் பேச்சு இப்போது எழக் காரணம் என் அக்கா மகன். கால் சென்டர் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் சோபா, கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் இறங்குகிறான். "மாமா, நீங்கதான் ஹோட்டல் மெயின்டெனன்ஸ்ல இருந்தீங்க, மெஷினை நீங்களே பாத்து சொல்லுங்க" என்று ஒரு கட்டு நோட்டீஸைக் கொண்டுவந்து போட்டான். பாதி நோட்டீஸில் 'ஸ்டீம்' என்று போட்டிருந்தது. அதில் பலவற்றில் ஆவியே கிடையாது. வெந்நீர்தான். மருந்து கலந்த வெந்நீரைக் கம்பளத்துக்குள் தெளித்து, அடுத்த கணமே அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கிற மெஷின் அது. நிஜமாகவே ஆவி விடும் கருவி வேறு. அடுப்படி டைல்ஸுக்கும் கிரில்லுக்கும் நல்லது. கம்பளத்தின் அடியில் இருக்கிற மண்ணை அது வெளியே எடுக்காது, ஈரப்படுத்திவிட்டுப் போகும்.

உறிஞ்சுவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கம்பளம் காய்வதில்தான் தொழிலின் மானமே இருக்கிறது. ஒழுங்காக உறிஞ்சிய கம்பளம் காற்றோட்டத்தில் ஆறேழு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு நாள் தாண்டியும் ஈரம் நின்றால் பூஞ்சைக்கு வழி விட்டாயிற்று. நான் வேலை பார்த்த ஹோட்டலில் ஒரு நவம்பர் மழையில், மறுநாள் ரிசப்ஷன் இருந்த ஹாலை ஒரு ஒப்பந்தக்காரர் கழுவிக்கொடுத்தார். பளிச்சென்றுதான் இருந்தது. கையால் அழுத்தினால் தண்ணீர் வந்தது. காலையில் ஹால் முழுக்க ஊறப்போட்ட கோணி வாடை. அதோடு முடியவில்லை. முந்தின நாள் காணாமல் போயிருந்த பழைய காபிக் கறைகள் ஒவ்வொன்றாக மேலே வந்திருந்தன. இதில் மாயமில்லை. இழையின் அடியில் தங்கிய தண்ணீர் காயும்போது மேலே ஏறும், கரைந்த கறையையும் கூட்டிக்கொண்டு வரும். நுனியில் தண்ணீர் ஆவியாகிவிடும், கறை அங்கேயே நின்றுவிடும். வாடிக்கையாளர் போனை எடுத்து, "நேத்து துடைச்சீங்களே, எல்லாம் திரும்ப வந்துடுச்சு" என்பார். கறை திரும்ப வரவில்லை, போகவே இல்லை.

ஆகவே நோட்டீஸில் முதலில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று இழுவிசை. தண்ணீரை எத்தனை அங்குல உயரம் தூக்கும் என்று சில கம்பெனிகள் போடும், மில்லிபார் என்று சில போடும். 100 அங்குலம் என்றால் ஏறத்தாழ 250 மில்லிபார். இன்னொன்று காற்றோட்டம், அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பது. இழுவிசை இழையிலிருந்து தண்ணீரைப் பிடுங்குகிறது, காற்றோட்டம் அதை ஹோஸ் வழியாக டேங்க் வரைக்கும் சுமந்து வருகிறது. ஒன்று மட்டும் இருந்தால் போதாது. இரண்டு மோட்டார் உள்ள மெஷின்களில் ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால் இழுவிசை கூடும், பக்கம் பக்கமாக இணைத்தால் காற்றோட்டம் கூடும். ஹோஸை நீட்ட நீட்ட இரண்டையுமே இழக்கிறோம். மெஷினை வாசலில் நிறுத்திவிட்டு நூறடி ஹோஸோடு உள்ளே போகலாம் என்கிற விளம்பரத்தைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

சூட்டுக்கு வருவோம். வெந்நீர் எண்ணெய்ப் பிசுக்கைச் சீக்கிரம் இளக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரை 28, 29 டிகிரிதான் கூடுதலாகச் சூடாக்க முடியும். மூன்று லிட்டர் ஓடினால் பத்து டிகிரிகூடத் தேறாது. மே மாதச் சென்னையில் மொட்டை மாடி டேங்க் அந்த வேலையைக் கரன்ட் பில் இல்லாமலே செய்துவிடும். இன்னொன்று, பிளக். வீட்டில் சாதாரண பாயின்ட் 6 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். ஏசி, கீசர் பாயின்ட் 16 ஆம்பியர், 3,680 வாட். 1,250 வாட் மோட்டார் ஒன்றும் சின்ன பம்ப்பும் என்றால் எந்த வீட்டிலும் ஓடும். அதோடு ஹீட்டர் சேர்ந்தால் கீசர் பாயின்ட்டைத் தேட வேண்டும். இரண்டு மோட்டாரும் ஹீட்டரும் ஒரே பிளக்கில் என்றால் எம்சிபி விழும், அடுக்ககத்துச் செயலாளர் மேலே ஏறி வருவார்.

ஜெர்மனியில் ஹென்கல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் சுத்தம் செய்வதை நான்காகப் பிரித்துச் சொன்னார். மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்று குறைந்தால் மற்றொன்றில் ஈடுகட்டலாம். சூடு குறைகிறதா, மருந்தைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு பிரஷ் போடு, அல்லது வாடிக்கையாளரின் கீசரிலிருந்தே ஒரு வாளி பிடித்துக்கொள். உறிஞ்சாத மெஷினுக்கு இந்த மாதிரி ஈடு எதுவும் இல்லை.

யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் வேனுக்குள்ளேயே எஞ்சின், ஹீட்டர், டேங்க் எல்லாம் பொருத்தி, ஹோஸை மட்டும் வீட்டுக்குள் இழுத்துப்போவதைப் பார்த்துவிட்டு மருமகனுக்கு அதிலும் ஆசை. யோசனை புதிதில்லை. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் குதிரை வண்டியில் வாக்யூம் மெஷினை ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியே குழாய்களை உள்ளே விட்டுத்தான் தொழில் செய்தார். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே கம்பளங்களைச் சுத்தம் செய்தது அந்த மெஷின்தான். தனித்தனி வீடும், வாசலில் வேன் நிறுத்த இடமும், சுவருக்குச் சுவர் கார்ப்பெட்டும் உள்ள ஊருக்கு அது பொருந்தும். பெரும்பாக்கத்தில் பதினாலாவது மாடிக்கு ஹோஸை எப்படிக் கொண்டுபோவது?

நம் ஊரில் கிடைக்கிற வேலையே வேறு. வீடுகளில் சோபா, மெத்தை, கார் சீட். அப்புறம் ஐ.டி. அலுவலகங்களின் கார்ப்பெட் டைல், ரமலானுக்கு முன் பள்ளிவாசல் விரிப்புகள், தியேட்டர் இருக்கைகள். சோபாவுக்கு 500 பிஎஸ்ஐ பிரஷர் வைத்திருந்து என்ன செய்ய? உள்ளே பஞ்சு நனைந்தால் மூன்று நாளைக்கு உட்கார முடியாது. கார்ச்சரின் புட்ஸி 10/1 போன்ற சின்ன மெஷின்கள் ஒரு பார் அளவில்தான் தெளிக்கின்றன, நிமிடத்துக்கு ஒரு லிட்டர். ஹீட்டரும் இல்லை, பத்து லிட்டர் டேங்க்தான். ஆனால் லிஃப்டில் ஏறும், லிஃப்ட் நின்றுபோனால் ஒருவரே தூக்கிப் படியேறலாம். முதல் வருடத்துக்கு அவனுக்கு அந்த ரகமே போதும். பெரிய அலுவலக ஒப்பந்தம் கையில் வந்த பிறகு இரண்டு மோட்டார் மெஷினைப் பார்க்கலாம்.

எந்த மெஷினாக இருந்தாலும் தொடக்கூடாத துணிகள் உண்டு. விஸ்கோஸ் தண்ணீர் பட்டால் மஞ்சளாகலாம், சொரசொரப்பாகலாம். பதோஹி, மிர்ஸாபூர் பக்கத்துக் கைமுடிச்சுக் கம்பளங்களில் அடிப்பாவு பருத்தி, நனைந்தால் சுருங்கக்கூடும். காஷ்மீரப் பட்டுக் கம்பளம் என்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். பவானி ஜமக்காளத்துக்கோ மெஷினே வேண்டாம், உதறி வெயிலில் போட்டால் பாதி வேலை முடிந்தது. சந்தேகம் வந்தால் யாரும் பார்க்காத மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்க்க வேண்டும், சாயம் ஒட்டுகிறதா என்று. கழுவுவதற்கு முன் உலர்ந்த மண்ணை வாக்யூம் போட்டு எடுக்காதவர்கள் சேற்றைத்தான் கழுவுகிறார்கள்.

சென்னைக்கென்று இன்னொன்று, போர் தண்ணீர். உள்ளே ஹீட்டர் உள்ள மெஷினில் அதன் உப்பு படிந்து, நாசில்கள் ஒவ்வொன்றாக அடைக்கும். சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை அவ்வப்போது ஓட்டுகிற பழக்கம் வேண்டும். ஹீட்டர் இல்லாத மெஷினுக்கு இந்தத் தொல்லை குறைவு. மோட்டாரைக் கெடுப்பது பெரும்பாலும் நுரை. முன்பு யாரோ போட்ட ஷாம்பூ கம்பளத்திலேயே தங்கியிருந்து அழுக்குத் தண்ணீர் டேங்கில் பொங்கி, மோட்டாருக்குள் ஏறிவிடும். நுரையடக்கி மருந்து ஒரு பாட்டில் பையில் இருக்கட்டும். உதிரி மோட்டார் உள்ளூரில் கிடைக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும், கட்டிய பிறகு அல்ல.

வாங்குகிறவர்களுக்குச் சொன்னது போதும். உங்கள் வீட்டுக்கு யாராவது சோபா கழுவ வந்தால், வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத் துண்டை மடித்து வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். துண்டு லேசாக ஈரமானால் பணத்தைக் கொடுங்கள். சொட்டச் சொட்ட நனைந்தால், தெளிக்காமல் உறிஞ்சுவதை மட்டும் இன்னும் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். காசு கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள்.