பாறை நகரவில்லை, படத்தில்தான் நகர்ந்தது

"ஜிபிஎஸ் இருக்கிற காலத்தில் கப்பல் எப்படி சார் தரைதட்டும்? மாலுமி தூங்கியிருப்பான்." பழைய மாணவர் ஒருவர் நேற்று இப்படி எழுதியிருந்தார். ஆயுசில் பாதியைப் புவியியல் நடத்தியே கழித்தவன் நான். சும்மா போக முடியவில்லை.

தம்பி, நீ எங்கே இருக்கிறாய் என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லும். பாறை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியது வரைபடம். அது தப்பென்றால் ஜிபிஎஸ் உன்னைத் துல்லியமாகக் கொண்டுபோய் மோதவிடும்.

2013 ஜனவரி 17, அதிகாலை இரண்டு மணிக்கு மேல். பிலிப்பைன்ஸின் சுலு கடல். 'கார்டியன்' என்ற அமெரிக்கக் கண்ணிவெடி அகற்றும் கப்பல் துப்பதாஹா பவளத்திட்டில் ஏறி நின்றது. உலகப் பாரம்பரியச் சின்னமான இடம். கப்பலில் இருந்த மின்னணு வரைபடத்தில் அந்தத் திட்டு சுமார் 8 கடல் மைல் தள்ளிக் காட்டப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் படத்தை இடம் மாற்றிப் பொருத்தியதால் வந்த வினை.

இதோடு போனால் மனிதத் தவறு என்று விட்டுவிடலாம். ஆனால் வரைபடம் தயாரித்த அமெரிக்க முகமைக்கு 2011இலேயே பிழை தெரியும்! ஒரு படத்தில் திருத்தினார்கள், இன்னொன்றில் விட்டுவிட்டார்கள். தமிழ்வழிப் புத்தகத்தில் பிழையைத் திருத்திவிட்டு ஆங்கிலவழிப் புத்தகத்தை அப்படியே அச்சடித்த மாதிரி. பரீட்சையில் யாருக்கு மார்க் போகும்? பிள்ளைக்குத்தானே.

இங்கேயும் அதேதான். கேப்டன் உட்பட நான்கு பேரின் பொறுப்பைப் பறித்தார்கள். அவர்கள் சுத்தம் என்று நான் வாதாடவில்லை. மற்ற வரைபடங்களோடு இது ஒத்துப்போகவில்லை, கலங்கரை விளக்கமும் படம் சொன்ன இடத்தில் இல்லை. நின்று யோசித்திருக்க வேண்டும். கடற்படை விசாரணை அதைச் சொன்னது சரி. ஆனால் இரண்டு வருஷம் தெரிந்த பிழையைக் கிடப்பில் போட்டவர் எந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்? மாலுமிகள் பதவி இழந்தது செய்தியில் வந்தது. அந்த மேஜைக்கு என்ன ஆனது என்று நான் எங்கும் படிக்கவில்லை.

கப்பலை இழுத்தால் பவளம் இன்னும் நொறுங்கும் என்பதால் அங்கேயே துண்டுதுண்டாக வெட்டி எடுத்தார்கள். மார்ச் கடைசி வரை வேலை நடந்தது. 2,300 சதுர மீட்டருக்கு மேல் பவளம் நாசம். 2015இல் அமெரிக்கா ஏறத்தாழ 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

மாலுமி தூங்கவில்லை தம்பி. தூங்கியது அலுவலகத்துக் கோப்பு.