பெயர் ஒண்ணு, கை நாலு

இந்த மாதம் நான் எழுதியிருப்பது கொஞ்சம் புகார் மாதிரி இருக்கும். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எங்க அப்பா போர்டு எழுதுகிறவர். பிளக்ஸ் வந்த பிறகு கடை போர்டு வேலை ரொம்பக் குறைந்துபோச்சு. சுவர் வேலைதான் ஏதோ கைகொடுக்கிறது. போன கோடை விடுமுறையில் சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஊரில் அங்கன்வாடிச் சுவரில் படம் போடும் வேலை வந்தது. அம்மாவும் கூட வந்தார். பெயிண்ட் டப்பா தூக்க நான்.

அப்பாவுக்கு எழுத்து அச்சடித்த மாதிரி வரும். ஆனால் உருவம் போடுவதில் அம்மாதான் கெட்டி. மார்கழியில் எங்க வாசல் கோலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "காக்கா வடைய எல்லாச் சுவத்துலயும் போட்டாச்சு. இங்க உள்ள பிள்ளைங்க தெனம் ஆத்துல பாக்கிறதப் போடுவோமே"ன்னு சொன்னதும் அம்மாதான். ஒரு எருமைக் கன்று அதோட அம்மாவைத் தேடித் தாமிரபரணிக் கரையிலேயே நடக்கிறது. முதல் சுவரில் கொக்கிடம் வழி கேட்கிறது. அடுத்த சுவரில் ஆமையிடம். மூன்றாவதில் படித்துறையில் துணி துவைக்கிற ஆச்சியிடம். நாலாவது சுவரில் மருத மரத்து நிழலில் தாய் எருமை படுத்திருக்கும். அம்மா சாக்பீஸால் கோடு போட, அப்பா பிரஷ்ஷில் அதை இழுக்க, நிறம் இரண்டு பேரும் கொடுத்தார்கள். ஐந்து நாள் வேலை. மதியம் புளியோதரையும் துவையலும்.

முடிந்ததும் அப்பா வலது மூலையில் தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' என்று எழுதினார். ஒரு சின்னப் பையன் கன்றுக்குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "இத யாரு போட்டா?" என்றான். அங்கிருந்த ஒருவர் மூலையைப் பார்த்து அப்பா பெயரை வாசித்துச் சொன்னார். அம்மா குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

இதை எங்க அத்தையிடம் சொன்னபோது, "புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னட்டி ஒம் பேரு எம் பேரு?" என்று சிரித்துவிட்டார்கள். உங்களில் பாதிப்பேரும் இதைத்தான் சொல்வீர்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு எங்க தமிழ் ஐயா 'பீமாயணம்' என்ற புத்தகத்தைக் காட்டினார். அம்பேத்கரின் வாழ்க்கையைப் படமாகச் சொல்லும் புத்தகம், 2011-ல் முதலில் ஆங்கிலத்தில் வந்தது. படம் போட்டவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்கிற கணவன் மனைவி. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடிக் கலைஞர்கள். துர்காபாய் சின்ன வயதிலேயே பாட்டியிடம் 'டிக்னா' கற்றவர். வீட்டுத் தரையிலும் சுவரிலும் போடும் கோலம்தான் அது, நம்ம ஊர்க் கோலத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். சுபாஷ் முதலில் களிமண்ணில் உருவம் செய்தவர்.

அந்தப் புத்தகத்தில் கட்டம் கட்டமாகப் படம் கிடையாது. ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்களாம். அன்பாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை உருவத்துக்குள் இருக்கிறது. கொட்டுகிற மாதிரிப் பேசுகிறவர்களின் பேச்சுக்குத் தேள் கொடுக்கு! ரயில் பாம்பாக நெளிகிறது. எந்தக் கோடு யாருடையது என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் படம் வரைந்தவர் என்ற இடத்தில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது. அத்தைக்கு இதுதான் என் பதில். பிரித்துக் காட்ட முடியாத வேலை என்பதால்தான் இரண்டு பெயரும் வேண்டும். துர்காபாய் சென்னை தாரா பதிப்பகத்துக்கும் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டிருக்கிறார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இது நம்ம நாட்டுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். 'கியூரியஸ் ஜார்ஜ்' என்ற குட்டிக் குரங்கின் கதையை உருவாக்கிய ஹான்ஸ் ரே, மார்கரெட் ரே இருவரும் ஜெர்மனியில் பிறந்த யூதத் தம்பதி. 1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிசை நெருங்கியபோது, ஹான்ஸ் உதிரி பாகங்களைச் சேர்த்து இரண்டு சைக்கிள் பூட்டினார். கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிக்கொண்டு இருவரும் மிதித்தே தப்பினார்கள். மறுவருடம் அமெரிக்காவில் குரங்குக் கதை வெளிவந்தது. அட்டையில் கணவர் பெயர் மட்டும்! குழந்தைகள் புத்தகம் எழுதுகிறவர்களில் பெண்களே அதிகம், ஆண் பெயர் என்றால் தனியாகத் தெரியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சைக்கிள் மிதித்தது மட்டும் இரண்டு பேர்.

சரி, நம்ம சுவர் இதழுக்கு வருகிறேன். கட்டுரைக்குக் கீழே எழுதியவர் பெயர் மட்டும்தான் போடுகிறோம். சார்ட்டில் அழகாகப் பிரதி எடுத்து எழுதுகிறவள் ஒருத்தி. ஸ்கெட்ச் பேனாவில் ஓரம் போட்டு, படமும் வரைகிறவன் ஒருத்தன். நம்ம இதழ் முன்னால் எல்லாரும் நிற்பதே அந்தப் படத்துக்காகத்தான், என் கட்டுரைக்காக இல்லை (உண்மையைச் சொன்னால் வருத்தமாகத்தான் இருக்கிறது). போன மாதம் நானும் என் பெயரைத்தான் பெரிதாகப் போட்டுக்கொண்டேன். அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அடுத்த இதழிலிருந்து எழுதியவர், படம், பிரதி என்று மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால் கட்டுரையில் இரண்டு வரியைக் குறைத்துக்கொள்ளட்டும்.

அங்கன்வாடிச் சுவரில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் சும்மாதான் கிடக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். "மழைக்கு முன்னாடி ஒரு தடவ டச்சப் பண்ணப் போகணும், அப்ப பாப்போம்" என்றார். அம்மாவிடம் கேட்டதற்கு, "எம் பேர நீட்டமா எழுதணுமா, இனிஷியல் போதுமா?" என்று கேட்டார்.