தரைப்பாலத்தில் தண்ணீரா? சரக்கு காத்திருக்கட்டும்!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மதுரை வணிகர்களாகிய நமக்கு வைகை அணையின் நீர்மட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. அது தேவைதான். ஆனால், நம்மை அதிகம் ஏமாற்றுவது ஆறு அல்ல. பக்கத்தில் ஓடும் வாய்க்காலும் ஓடையும்தான் என்பது என் கருத்து.

ஆறு சொல்லிவிட்டு வருகிறது. 71 அடி வரை நீர் தேக்கும் வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது என்று கரையோர மக்களுக்கு அறிவிக்கிறார்கள். ஓடைக்கு யார் அறிவிப்பது? 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேர மழையிலேயே பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, செல்லூர்ப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது.

"முழங்கால் அளவுதானே" என்று நினைத்துவிடுகிறோம். வேகமாக ஓடும் நீர் அரை அடி இருந்தாலே ஆளின் காலை வாரிவிடும். ஓர் அடி நீர் சிறிய காரை இழுத்துவிடும். இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும். மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். எம்மாத்திரம்? கலங்கல் நீருக்கடியில் பாலம் அரித்துப் போயிருந்தாலும் மேலே தெரியாது.

இருந்தும் நம் பையன்கள் ஏன் இறங்குகிறார்கள்? வீரத்துக்காக அல்ல. "இன்றைக்கே சரக்கு வந்தாக வேண்டும்" என்கிறார் சில்லறைக் கடைக்காரர். "வசூல் இல்லாமல் திரும்பாதே" என்கிறார் மொத்தக் கடைக்காரர். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் தண்ணீரில் இறங்குகிறான்.

ஆகவே, தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும் நேரத்தில் அந்தப் பக்கம் டெலிவரியும் இல்லை, வசூலும் இல்லை என்று நம் சங்கம் தீர்மானம் போட வேண்டும். சில்லறை வியாபாரிகள் ஆர்டரை ரத்து செய்யக்கூடாது. மொத்த வியாபாரிகள் அந்தப் பாக்கிக்கு ஒரு வாரம் தவணை கொடுக்க வேண்டும். வியாபாரம் கெடும் என்று சிலர் சொல்லலாம். மழை விட்டால் ஓடை வெள்ளம் ஏறிய வேகத்திலேயே வடிந்துவிடும். ஒரு நாள் பொறுத்தால் கடை மூழ்கிவிடாது.

கடைக்குள் நீர் வரும்போல் இருந்தால், தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மூட்டையைக் காப்பாற்ற நள்ளிரவில் ஓடைக்கரைக் குடோனுக்கு ஆள் அனுப்பாதீர்கள். ஆபத்தென்றால் 1077க்குப் போன் செய்யுங்கள்.

நனைந்த மூட்டையை நஷ்டக் கணக்கில் எழுதிவிடலாம். போன ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது? அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.